மலையகத்தில் கிளைகளை ஒரே வலையமைப்பில் இணைக்க: கையெழுத்திடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பொகவந்தலாவையில் உள்ள எங்கள் கிளையில் ஒரு மாலை, தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா இரத்தப் பரிசோதனை அறிக்கைக்காகக் காத்திருந்தார். அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், கிடைக்கும் என்று தெரிந்தும் கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்தவர். அறிக்கை பகல் பதினொரு மணிக்கே ஹட்டனில் தயாராகி, அங்கிருந்த கணினியில் கிடந்தது. இணைப்பு இல்லை. நான்கரை மணி பஸ்ஸை விட்டால் தோட்டத்தின் மேற்பிரிவுக்குப் போக அவருக்கு வேறு பஸ் கிடையாது. கடைசியில் நான் தொலைபேசியில் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, கிளையில் இருந்த பிள்ளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். நோயாளியின் சர்க்கரை அளவை அப்படி அனுப்பக்கூடாது. ஓர் இலக்கம் மாறினால் மருந்தின் அளவே மாறிவிடும்.

நாங்கள் நடத்துவது சிறிய மருத்துவ ஆய்வுகூடம். பிரதான கூடம் ஹட்டனில் இருக்கிறது. பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நான்கு இடங்களில் மாதிரி சேகரிக்கும் கிளைகள் உள்ளன. ஐந்து இடங்களையும் ஒரே வலையமைப்பாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினொரு மாதம் ஆயிற்று. கருவிகளோடு போராடியது அதில் சில வாரங்கள்தான். மீதி எல்லாம் கடிதம், கையொப்பம், தவறான கேள்வி கேட்டதால் வந்த தவறான பதில் ஆகியவற்றில் போனது. கடை, மருந்தகம், கல்வி நிலையம், சிக்கனக் கடனுதவிச் சங்கம் என்று இரண்டு மூன்று கிளைகளோடு மலையில் தொழில் செய்யும் யாருக்கும் இது பயன்படும். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். நான் நான்காவது படியில் தொடங்கியதால்தான் அவ்வளவு காலம் இழுத்தது.

1. எது போகவேண்டும், எது நிற்கவே கூடாது என்று எழுதுங்கள்

இணைப்புத் தரும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் போனால் முதலில் கேட்பது “எத்தனை மெகாபிட் வேண்டும்?” என்பது. அதற்குப் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்றில் நாளொன்றுக்கு எவ்வளவு தரவு போகிறது என்றும் மற்றதில் அது எத்தனை நேரம் நின்றால் தாங்கலாம் என்றும் எழுதுங்கள்.

எங்கள் கணக்கு இது. ஓர் அறிக்கை ஏறக்குறைய 200 கிலோபைட். ஒரு கிளைக்கு நாளொன்றுக்கு 100 அறிக்கை என்றால் 20 மெகாபைட். மிகவும் சிறிய தொகை, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. பாதுகாப்புக் கமெரா நேர் எதிர். விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரே ஒரு கமெரா ஓடினால் 24 மணி நேரத்தில் 21.6 கிகாபைட் போய்விடும். அது இரண்டு நாள் நின்றாலும் யாருக்கும் நட்டமில்லை. கமெராப் பதிவைக் கிளையிலேயே சேமித்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் பார்ப்பது என்று முடிவெடுத்ததும் எங்கள் மாதச் செலவு பாதிக்குக் கீழே இறங்கியது.

2. வடிவத்தைக் காகிதத்தில் வரையுங்கள்

தொலைவில் உள்ள இடங்களை இணைக்கும் இந்தப் பரந்த பரப்பு வலையமைப்புக்கு, பாடப்புத்தகத்தில் இடத்தியல் என்று சொல்லும் சில வடிவங்கள் உண்டு. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

நட்சத்திர வடிவத்தில் ஒரு மையம் இருக்கும், எல்லாக் கிளைகளும் அந்த மையத்தோடு மட்டும் பேசும். ஐந்து இடங்களுக்கு நான்கு இணைப்புகள் போதும். மலிவு, பழுது பார்ப்பது எளிது. மையம் விழுந்தால் எல்லாம் விழும் என்பதே அதன் குறை.

முழுக் கண்ணி வடிவத்தில் ஒவ்வோர் இடமும் மற்ற எல்லா இடத்தோடும் நேரடியாக இணையும். இடங்களின் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் எத்தனை இணைப்பு என்று தெரியும். ஐந்து இடங்களுக்கு 10, எட்டு இடங்களுக்கு 28. சிறிய நிறுவனத்துக்கு இது தேவையே இல்லை. எங்கள் தலவாக்கலைக் கிளைக்கு மஸ்கெலியாவோடு பேச ஒரு விடயமும் கிடையாது. முக்கியமான இரண்டு இடங்களுக்கு மட்டும் கூடுதல் இணைப்புக் கொடுப்பதைப் பகுதிக் கண்ணி என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு நட்சத்திரமும் சிறிது பகுதிக் கண்ணியும் சேர்ந்த வடிவமே பொருந்தும்.

வளைய வடிவத்தில் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகத் தரவு சுற்றி வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேபிள் வீதியோரமாகத்தான் வருகிறது, மலையில் வீதிகள் வளையமாகச் சுற்றுவது அரிது. ஒரு பள்ளத்தாக்கு, ஒரு வீதி, அதன் முடிவில் ஒரு தோட்டம் என்றுதான் நம் நிலம் இருக்கிறது.

மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மையம் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் திட்டத்தில் ஹட்டனை மையமாக வைத்தேன். ஹட்டனில் மின்சாரம் போனால் நுவரெலியாவில் அறிக்கை வராது. கொழும்பில் உள்ள ஒரு தரவு மையத்தில் சிறிய சேர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, மையத்தை அங்கே மாற்றிய பிறகு ஹட்டனும் மற்றக் கிளைகளைப்போல ஒரு கிளையாகிவிட்டது. ஹட்டன் விழுந்தாலும் அதற்கு முன் ஏற்றிய அறிக்கைகளை எல்லாக் கிளைகளும் எடுத்துக்கொள்ளலாம்.

3. அடுத்து, வீதியை வரையுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் நீங்கள் மறந்தாலும் எனக்குத் திருப்தியே.

இரண்டாவது படியில் வரைந்த கோடுகள் உங்கள் மனதில் இருப்பவை. உண்மையான கேபிள் கம்பத்திலும் மண்ணுக்கடியிலும் இருக்கிறது, அது வீதியைப் பிடித்துக்கொண்டே போகிறது. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு ஒரு கோடு, மஸ்கெலியாவுக்கு ஒரு கோடு என்று தனித்தனியாக வரைந்திருந்தேன். வீதியில் போய்ப் பார்த்தால் இரண்டும் டிக்கோயா வழியாக நோர்வூட் வரை ஒன்றாகவே போகின்றன. பிரிவது நோர்வூட்டில்தான். அதற்கு முன் எங்கே மண் சரிந்தாலும் இரண்டு கிளைகளும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். அந்த மழைக்காலத்தில் அதுதான் நடந்தது.

இன்னும் வருத்தமான செய்தி, நாங்கள் பாதுகாப்புக்காக இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்பு எடுத்திருந்தோம். மாதந்தோறும் இரண்டு கட்டணம் கட்டினோம். இரண்டு கேபிள்களும் ஒரே கம்பங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு யூகலிப்டஸ் மரம் முறிந்து விழுந்ததில் இரண்டும் சேர்ந்து அறுந்தன. நிறுவனம் இரண்டாக இருந்து பயனில்லை, பாதை இரண்டாக இருக்கவேண்டும்.

எனவே ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். கிளையிலிருந்து மையம் நோக்கி முச்சக்கர வண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ போய், கம்பங்களைப் பாருங்கள். எங்கே கேபிள் மரத்தோடு உரசுகிறது, எங்கே வீதி ஆற்றைக் கடக்கிறது, எங்கே மண்மேடு செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கிறது என்று குறியுங்கள். மண்சரிவு அபாய வலயங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரைபடமாக்கியிருக்கிறது. உங்கள் பிரதேச செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவில் கேட்டால் விளக்கிச் சொல்வார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் வீதிகள் எப்படி அறுந்தன, அவற்றோடு மின்சாரமும் தொலைத்தொடர்பும் எப்படிப் போயின என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை வலியுறுத்திச் சொல்லத் தேவையில்லை.

பிறகு நிறுவனத்திடம் இந்த மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். கேபிள் எந்த வீதி வழியாக என் கிளைக்கு வருகிறது? அது கம்பத்திலா, மண்ணுக்கடியிலா? 4ஜி மாற்று இணைப்புத் தருகிறீர்கள் என்றால் அந்த டவருக்குத் தரவு எதன் வழியாகப் போகிறது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. டவர் மலையுச்சியில் தனியாக நிற்கிறது என்று நாம் நம்புகிறோம். அதன் அடியில் வந்து சேர்வது அதே வீதியோர பைபர் கேபிளாக இருக்கலாம். அப்படியானால் கேபிள் அறுந்ததும் டவரில் சிக்னல் பட்டைகள் முழுமையாகத் தெரியும், இணையம் மட்டும் இருக்காது.

4. கிளைக்கு ஏற்ற இணைப்பு

எல்லாக் கிளைக்கும் ஒரே வகை இணைப்பு என்ற எண்ணத்தை விடுங்கள்.

பைபர் பிராட்பேண்ட்: உங்கள் நகரத்தில் இருந்தால் இதுவே முதல் தெரிவு. இதன்மேல் வி.பி.என். சுரங்கம், அதாவது பொது இணையத்துக்குள் பிறர் வாசிக்க முடியாத தனிப் பாதை, அமைத்துக்கொண்டால் சிறிய கிளைக்குத் தாராளம். நகரத்தில் இருக்கிறது என்பதால் உங்கள் வாசல் வரை வரும் என்று நினைக்கவேண்டாம். பிரதான வீதியிலிருந்து சில நூறு மீற்றர் உள்ளே போனாலே நிலைமை மாறிவிடும். அருகிலுள்ள பகிர்வுப் பெட்டியில் காலி இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேபிள் வாசலில் தொங்கியும் பெட்டியில் இடமில்லாமல் காத்திருந்தவர்கள் உண்டு.

லீஸ்ட் லைன்: உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வேகம், நிலையான ஐ.பி. முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் மாறாத எண்), எழுதிக் கொடுக்கப்பட்ட சேவை உத்தரவாதம் ஆகியவை கிடைக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும். எங்களுக்கு வந்த விலைமனுவில் ஒரு கிளைக்கான லீஸ்ட் லைன் மாதக் கட்டணம், ஐந்து இடங்களுக்குமான பிராட்பேண்ட் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தது. ஒரே இடத்துக்கு எடுப்பதென்றால் வேலை அதிகமாக நடக்கும் இடத்துக்கு எடுங்கள். நாங்கள் ஹட்டனுக்கு மட்டும் எடுத்தோம்.

எம்.பி.எல்.எஸ். வலையமைப்பு: நிறுவனமே தன் வலையமைப்புக்குள் உங்கள் கிளைகளை எல்லாம் தனியாக இணைத்துக் கொடுக்கும். வங்கிகள் போன்றவற்றுக்குப் பொருத்தம். இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். எல்லாக் கிளைகளும் அந்த ஒரே நிறுவனத்தைச் சார்ந்துவிடும். அத்தோடு, இது தனியான பாதையே தவிர மறைகுறியாக்கம், அதாவது பிறர் வாசிக்க முடியாதபடி தரவை மாற்றி அனுப்புவது, கிடையாது. நோயாளியின் தகவலைக் கையாள்பவர்கள் மேலே மறைகுறியாக்கத்தைத் தாங்களே சேர்க்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது.

4ஜி: எஸ்.எல்.டி.-மொபிட்டெல், டயலொக், ஹட்ச் எதுவானாலும் உங்கள் கிளைக்கு எது நல்லது என்பதைத் தீர்மானிப்பது எதிரே நிற்கும் மலைதான். நண்பர்களிடம் மூன்று சிம்களை இரவல் வாங்கி, ரவுட்டர் வைக்கப்போகும் அதே மூலையில் வைத்துப் பாருங்கள். பட்டைகளை நம்பவேண்டாம். தொலைபேசி அமைப்பில் டி.பி.எம். அளவில் காட்டும் சிக்னல் எண்ணைப் பாருங்கள். மறை 80 (-80) அளவில் இருந்தால் நன்று, மறை 110க்குக் (-110) கீழே போனால் வெளியே அன்டெனா வைக்காமல் சரிவராது. காலையில் ஒரு முறை, இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஒரு முறை வேகத்தை அளவிடுங்கள். நுவரெலியாவில் கிளை வைத்திருப்பவர்கள் ஏப்ரல் வசந்த காலத்தில் இன்னொரு முறை அளவிட்டுவிட்டு முடிவெடுங்கள். அந்த மாதத்தில் ஊரே இரண்டு மடங்காகிவிட்டதுபோல் இருக்கும், டவரின் பாரமும் அப்படியே.

வானொலிப் பாலம்: பைபர் நகரத்தோடு நின்றுவிட்டது, கிளை எதிர்ச்சரிவில் இருக்கிறது என்ற நிலையில் கைகொடுப்பது கம்பியில்லாத இந்த இணைப்புத்தான். எங்கள் மஸ்கெலியாக் கிளை அப்படிப்பட்டது. நகரத்தில் ஒரு கடையின் கூரையில் ஒரு டிஷ், ஏறக்குறைய 2 கிலோமீற்றருக்கு அப்பால் எங்கள் கூரையில் இன்னொரு டிஷ். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். அதைச் சரிபார்க்க நாங்கள் செய்தது மிக எளிய வழி. வெயில் வந்த ஒரு காலை எட்டரை மணிக்கு, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றோடு ஒரு பையன் கிளைக் கூரையில் ஏறினான். நான் நகரத்துக் கடையின் நீர்த்தாங்கி மேல் நின்றேன். தேயிலைச் சரிவுக்கு மேலே மூடுபனி கலைந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பச்சைக்கு நடுவில் ஊசிமுனை அளவு வெளிச்சம் ஒன்று வெட்டியது, அணைந்தது, மீண்டும் வெட்டியது. அதற்கு நேர்கீழே ஒரு மரத்தின் உச்சி.

அந்த மரம்தான் பிறகு பிரச்சினையானது. கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, கோட்டைச் சுற்றிலும் வெற்றிடம் வேண்டும். இத்தகைய டிஷ்கள் இயங்கும் 5.8 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 2 கிலோமீற்றர் தூரத்துக்கு நடுப்பகுதியில் இந்த வெற்றிடத்தின் ஆரம் ஏறக்குறைய 5 மீற்றர், 5 கிலோமீற்றர் தூரத்துக்கு 8 மீற்றர். அதில் குறைந்தது 60 வீதமாவது தடையின்றி இருக்கவேண்டும். யூகலிப்டஸ் வேகமாக வளரும் மரம். இன்று உச்சி கீழே இருக்கிறது என்று டிஷ்ஷைப் பூட்டினால் அடுத்த வருடம் அது நடுவில் வந்து நிற்கும். ஆகவே கம்பத்தை ஆரம்பத்திலேயே உயரமாக நடுங்கள். இந்த அலைவரிசையில் மழையும் மூடுபனியும் பெரிதாகப் பாதிப்பதில்லை. 60 கிகாஹேர்ட்ஸ் கருவியை வேகத்துக்கு ஆசைப்பட்டு வாங்கினால் நம் மழையில் அது அறுந்து அறுந்து வரும். எந்தக் கருவியானாலும் வாங்குவதற்கு முன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

செய்மதி: ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியது. அதன் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் மட்டும் இருப்பதால் தாமதம் குறைவு. ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செய்மதியில் ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி எடுக்கும். வீதியோடு எந்தத் தொடர்பும் இல்லாத இணைப்பு என்பதே மலைக்கு இதன் பெறுமதி. கிளை ஆழமான பள்ளத்தாக்கிலோ மரங்களுக்கு நடுவிலோ இருந்தால் வானம் போதுமான அளவு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

5. ஆவணங்கள்

என் பதினொரு மாதத்தில் ஐந்து மாதத்தைத் தின்றது இந்தப் படி. ஒரு கோப்பு வாங்கி, கிளைக்கு ஒரு தொகுதி என்று எல்லாவற்றையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

பொதுவாகக் கேட்பவை: வியாபாரப் பதிவுச் சான்றிதழ், கம்பனியானால் கூட்டிணைப்புச் சான்றிதழோடு படிவம் 1, பணிப்பாளர்கள் மாறியிருந்தால் படிவம் 20. கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் கொடுக்கும் பணிப்பாளர் சபைத் தீர்மானம் அல்லது உரிமையாளரின் கடிதம். அவருடைய தேசிய அடையாள அட்டைப் பிரதி. வரி அடையாள இலக்கம். ஒவ்வொரு கிளைக்கும் முகவரிச் சான்று, பெரும்பாலும் அண்மைய மின்சாரப் பட்டியல். வாடகைக் கட்டடமானால் குத்தகை ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும்.

சம்மதக் கடிதத்தில் “இணைய இணைப்புப் பெறச் சம்மதம்” என்று ஒரே வரியில் எழுதி வாங்கிவிடாதீர்கள். சுவரில் துளையிட, கூரையில் கம்பம் நட, வளவுக்குள் கேபிள் இழுக்க, பழுது பார்க்க வருபவர்களை உள்ளே விட என்று நான்கையும் தனித்தனியாக எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தலவாக்கலையில் பொருத்துநர்கள் ஏணியோடு வந்து நின்றபோது கூரையில் கம்பத்துக்குச் சம்மதிக்கவில்லை என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர்கள் திரும்பி வர 24 நாள் ஆயிற்று.

இனி நம் மலையகத்துக்கே உரிய சிக்கல்கள். மின்சாரப் பட்டியல் காலமான தாத்தாவின் பெயரில் இருக்கும். அடையாள அட்டையில் லெட்சுமி, பதிவில் லட்சுமி, ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். நிறுவனத்தின் கணினி இவற்றை மூன்று பேராகவே பார்க்கும். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் பெற்று, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். பெயர் வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலை, ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும்.

கட்டடம் தோட்ட நிலத்தில் இருந்தால் உங்களிடம் காணி உறுதி இருக்காது. தோட்ட முகாமையாளரின் கடிதம் தேவை. வீட்டுக்குள் இணைப்பு எடுக்க அவருடைய கடிதம் போதும் என்று சொல்வார்கள். புதிதாக ஒரு கம்பம் நடவேண்டும் என்றால் விடயம் பெருந்தோட்டக் கம்பனியின் கொழும்பு அலுவலகம் வரை போகும். எனவே எத்தனை கம்பம், எந்த இடத்தில் என்று நிறுவனத்தின் கள அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே துரையை, அதாவது அந்த முகாமையாளரை, பார்க்கப் போங்கள். நான் வெறுங்கையோடு போய் மூன்று முறை திரும்பினேன். அவர் மறுக்கவில்லை. எதற்கு அனுமதி கேட்கிறேன் என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

முகவரியும் அப்படியே. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம் மக்கள் வாயில் வேறொரு பெயர். கள ஆய்வுக்கு வந்தவர்கள் ஒரு பெயரை வைத்துத் தேடி, வேறு மலைக்குப் போய்விட்டுத் திரும்பிப் போனார்கள். விண்ணப்பத்தோடு தொலைபேசி வரைபடத்தில் எடுத்த அகலாங்கு நெட்டாங்கு எண்களையும், வாசலின் படத்தையும், அருகிலுள்ள கோயில் அல்லது கொழுந்து மடுவத்தின் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையின்) பெயரையும் இணையுங்கள்.

வீதியைத் தோண்டவோ குறுக்காகக் கேபிள் இழுக்கவோ வேண்டுமானால் அனுமதி வேறு. பிரதான வீதிக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை, உள்வீதிக்குப் பிரதேச சபை அல்லது நகர சபை, ரயில் பாதையைக் கடந்தால் ரயில்வே திணைக்களம். இதை யார் எடுப்பது, நீங்களா நிறுவனமா என்பதை எழுத்தில் தெளிவாக்காமல் முற்பணம் கட்டாதீர்கள்.

6. விலைமனுவை வாசிக்கும் முறை

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது மாதக் கட்டணம். நீங்கள் தேடவேண்டியவை அதற்கு அடியில் இருக்கின்றன. பொருத்தும் கட்டணம், கூடுதல் கேபிள் மீற்றருக்கு எவ்வளவு, கம்பத்துக்கு எவ்வளவு, ரவுட்டர் உங்களுக்குச் சொந்தமா வாடகையா, நிலையான ஐ.பி. முகவரிக்குத் தனிக் கட்டணமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வரிகள் சேர்ந்த தொகையா, சேராத தொகையா என்று கேட்காமல் இரண்டு விலைமனுக்களை ஒப்பிடவே முடியாது. 2024 ஜனவரி முதல் வற் வரி மட்டுமே 18 வீதம்.

ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால் மீதி மாதங்களுக்கான கட்டணம் முழுவதையும் கட்டவேண்டுமா என்று பாருங்கள். நாங்கள் கிளையை அதே நகரத்தில் அடுத்த வீதிக்கு மாற்றியபோது அதைப் புதிய இணைப்பாகக் கணக்கிட்டார்கள். இடமாற்றக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்கியிருக்கவேண்டும்.

சேவை உத்தரவாதத்தை மணிக்கணக்காக மாற்றி வாசியுங்கள். 30 நாள் மாதத்தில் 99.9 வீத நேரம் இணைப்பு இயங்கும் என்றால் 43 நிமிடம் நிற்கலாம். 99.5 வீதம் என்றால் 3 மணி 36 நிமிடம். 99 வீதம் என்றால் 7 மணி 12 நிமிடம். மண்சரிவு, மரம் விழுதல், மின் தடை ஆகியவை இந்தக் கணக்கில் சேராது என்று ஒரு பந்தி இருக்கும். மலையில் இணைப்பு அறுவதே இவற்றால்தான். அந்தப் பந்தியைப் படித்துவிட்டு, உத்தரவாதத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதா, அதே பணத்தில் வேறு பாதையில் ஒரு மாற்று இணைப்பு எடுப்பதா என்று யோசியுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

7. காலக் கணக்கு

எங்களிடம் 14 நாள் என்று சொன்ன பைபர் வேலை ஏழு வாரம் எடுத்தது. கம்பம் நடவேண்டிய இடத்தில் நான்கு மாதம். மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, வெலிமடைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. மேற்குச் சரிவில் இருப்பவர்கள் செப்டெம்பரிலேயே விண்ணப்பித்து, ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் கம்ப வேலை முடியும்படி பாருங்கள். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வார இறுதியில் மஸ்கெலியா வீதியில் வாகனம் நகராது. வேலைக் குழுவை வார நாளில் வரச் சொல்லுங்கள்.

8. முகவரித் திட்டமும் சுரங்கமும்

கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே முகவரித் தொகுதியோடு வருகின்றன. ஐந்து கிளையிலும் அப்படியே விட்டால் இணைத்த அன்றே குழப்பம்தான். ஹட்டனுக்கு 10.10.1, பொகவந்தலாவைக்கு 10.10.2 என்று கிளைக்கு ஒரு தொகுதி கொடுத்து ஆரம்பத்திலேயே எழுதிவையுங்கள்.

4ஜி இணைப்பிலும் பல பிராட்பேண்ட் பொதிகளிலும் உங்களுக்கெனத் தனிப் பொது முகவரி கிடைக்காது, பலருக்கு ஒன்றாகப் பங்கிடப்படும். வெளியிலிருந்து அந்தக் கிளையை அழைக்க முடியாது, கிளைதான் வெளியே அழைக்கவேண்டும். ஆகவே மையத்துக்கு மட்டும் நிலையான முகவரி வாங்கி, எல்லாக் கிளைகளும் மையத்தை அழைக்கும்படி வயர்கார்ட் அல்லது ஐ.பி.செக் என்ற வகை வி.பி.என். சுரங்கம் அமையுங்கள். வயர்கார்டில் 25 விநாடிக்கு ஒரு முறை உயிர்ச் சமிக்ஞை அனுப்பும்படி வைத்தால் பாதை மூடிக்கொள்ளாது.

ஒரு பொறி: சுரங்கம் எழுந்துவிடும், பிங் என்ற சோதனைச் செய்திக்குப் பதில் வரும், சிறிய பக்கங்கள் திறக்கும். அறிக்கை மட்டும் பாதியில் நின்றுவிடும். நான் இரண்டு வாரம் சேர்வரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் பொட்டலத்தின், அதாவது தரவைப் பிரித்து அனுப்பும் துண்டின், உச்ச அளவு. சாதாரணமாக 1500 பைட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பி.பி.பி.ஓ.இ. வகை பிராட்பேண்ட் இணைப்பில் 1492. வயர்கார்டின் இயல்பான அளவு 1420. பி.பி.பி.ஓ.இ. மேல் வயர்கார்ட் போனால் 1412க்குக் குறையுங்கள். அந்த ஒரு எண்ணை மாற்றியதும் எல்லா அறிக்கையும் ஓடத் தொடங்கியது.

9. மின்சாரமும் மின்னலும்

ரவுட்டர், பைபர் பெட்டி, சுவிட்ச் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 25 வாட். எட்டு மணி நேரத்துக்கு 200 வாட்-மணி. 12 வோல்ட், 40 அம்பியர்-மணி பற்றரி 480 வாட்-மணி கொண்டது, ஈய அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். அந்தப் பாதியே உங்களுக்குப் போதும். கணினிக்கான சிறிய யூ.பி.எஸ். எட்டு மணி நேரம் தாங்காது.

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல் கடுமை. கூரைக் கம்பத்துக்குப் புவித்தொடுப்பு, கூரையிலிருந்து இறங்கும் வலையமைப்புக் கேபிளுக்கு மின்னெழுச்சிக் காப்பு இரண்டையும் விலைமனுவில் தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள். செப்புக் கம்பி வழியே மின்னல் உள்ளே வரும், பைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது. கம்பத்துக்கும் உள்ளறைக்கும் இடையே பைபர் போட முடிந்தால் போட்டுவிடுங்கள். ஒரே பிற்பகலில் சுவிட்சையும் இரண்டு கணினிகளையும் இழந்த பிறகே நாங்கள் அதைச் செய்தோம்.

10. கையேற்கும் நாளில்

பொருத்துநர் “வேலை முடிந்தது, கையெழுத்திடுங்கள்” என்று தாளை நீட்டுவார். வேகச் சோதனையைக் காட்டுவார். அது போதாது. அவர் முன்னிலையிலேயே பிரதான கேபிளைக் கழற்றுங்கள். மாற்று இணைப்புக்குத் தானாக மாறுகிறதா, எத்தனை விநாடி எடுக்கிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். மீண்டும் செருகி, திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். பிறகு மின்சாரப் பிரதான ஆளியை அணைத்துப் பாருங்கள். கடைசியாக, கிளையில் வேலை செய்யும் பிள்ளையை உண்மையான அறிக்கை ஒன்றை எடுத்து அச்சிடச் சொல்லுங்கள். எங்கள் பொகவந்தலாவைக் கிளையில் இப்போது மாற்று இணைப்புக்குப் போக 40 விநாடி ஆகிறது.

கையெழுத்திட்டதும் ஒரு தாளில் இணைப்பு இலக்கம், கணக்கு இலக்கம், முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம், கேபிள் வரும் வீதி, கம்ப இலக்கங்கள் ஆகியவற்றை எழுதி ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். முறைப்பாடு செய்யும்போது “இணையம் இல்லை” என்று சொன்னால் வரிசையில் நிற்பீர்கள். “இந்த இலக்கக் கம்பத்துக்கு அருகில் மரம் விழுந்து கேபிள் அறுந்திருக்கிறது” என்று சொன்னால் ஏணியோடு நேராக அங்கே வருவார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு வருடமும் அந்த வீதியில் ஒரு முறை போய், தாளில் உள்ளவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்துங்கள்.